எஞ்சினை எவ்வளவு இறக்கலாம்?

எஞ்சினைக் கீழே இறக்கினால் கார் வளைவில் நன்றாக நிற்கும் என்பது உண்மைதான். எவ்வளவு நன்றாக என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஸ்பானரைத் தொடுவதற்கு முன் பென்சிலை எடுப்போம்.

காரின் எடை 900 கிலோ, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து 130 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை 25 மி.மீ. இறக்கினால் முழுக் காரின் ஈர்ப்பு மையமும் 25 மி.மீ. இறங்கிவிடாது. 130ஐ 25ஆல் பெருக்கி 900ஆல் வகுத்தால் 3.6 மி.மீ.தான் வரும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் அகலமுள்ள காரை, நல்ல டயர் தாங்கும் எல்லைவரை வளைவில் திருப்புகிறோம். அப்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும் பாரத்தில் இதனால் குறைவது ஏறத்தாழ 2 கிலோ. அதே காரை ஸ்பிரிங் மாற்றி 25 மி.மீ. தாழ்த்தினால் 14 கிலோ குறையும்.

இந்த 2 கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலும் நொடியின் பத்தில் ஒரு பங்குக்காகப் போராடுகிறவருக்கு வேண்டியதுதான். நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் அங்கே கரும்பு டிராக்டர் வரிசைக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்கிறவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கே மற்றதெல்லாம்.

செய்வதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வேறு உயரமான எஞ்சினைப் பொருத்தியதால் பானட் மூடாமல் இடிப்பது ஒன்று. தடத்தில் ஓட்டுவதற்கென்றே ஒதுக்கிய கார் என்பது மற்றொன்று. ‘பழைய மவுண்டிங் எப்படியும் போய்விட்டது, மாற்றும்போதே கொஞ்சம் இறக்கிவிடலாமே’ என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில் ஒரு பொறி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரில் ரப்பர் நைந்து, எஞ்சின் ஏற்கெனவே சில மில்லிமீட்டர் இறங்கித்தான் நிற்கும். அந்த நிலையில் அளவெடுத்து, அதிலிருந்து 15 மி.மீ. இறக்கினால் கம்பெனி உயரத்திலிருந்து 20 மி.மீ.க்கு மேல் இறங்கியிருப்பீர்கள். ஆகவே புது கம்பெனி மவுண்டிங்கின் உயரம் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து எண்ணுங்கள்.

முதலில் அளவு

காரைச் சமதளத்தில் நிறுத்தி, டயரில் காற்றைச் சரியாக அடித்து, முன்னால் இருவர் உட்கார்ந்த நிலையில் அளவெடுங்கள். கம்பெனி சொல்லும் தரை இடைவெளி பெரும்பாலும் ஆளில்லாத வண்டிக்கானது. நம் ஊர் ஹாட்ச்பேக்குகளில் அது பொதுவாக 160 முதல் 170 மி.மீ. வரை இருக்கும். நான்கு பேர் ஏறினால் அதிலேயே கணிசமாகப் போய்விடும்.

அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 100 மி.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். அப்படிக் கட்டியதில் எந்தக் காரும் இடிக்காது. ஊர்க்காரர்களே இரவோடு இரவாகப் போட்ட தடையைத்தான் நாம் தினமும் தாண்டுகிறோம். அது குறுகலாக, செங்குத்தாக இருக்கும். முன்சக்கரம் அதைத் தாண்டி இறங்கும் நொடியில் ஸ்பிரிங் அமுங்கும். சரியாக அந்த நேரத்தில் ஆயில் சேம்பர் தடையின் முதுகுக்கு மேலே வரும். கடலூரிலிருந்து பண்ருட்டி வரையோ, நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே உள்ள கிராமச் சாலைகளிலோ நீங்கள் அன்றாடம் போகும் வழியில் மிக மோசமான தடை எது என்று உங்களுக்கே தெரியும். டேப்பை எடுத்துப் போய் அதன் உயரத்தை அளந்துவிட்டு வாருங்கள். எஞ்சினை எவ்வளவு இறக்கலாம் என்பதை முடிவு செய்வது அந்தத் தடைதான்.

என் கணக்கு இது: சேம்பரின் அடிப்பாகம் கிராஸ் மெம்பருக்கோ சப்ஃப்ரேமுக்கோ கீழே ஒரு மில்லிமீட்டர்கூடத் தொங்கக் கூடாது. இரும்பு கிராஸ் மெம்பர் அடிவாங்கினால் கீறல் விழும், அவ்வளவுதான். அலுமினிய சேம்பர் அடிவாங்கினால் ஆயில் சாலையில் கொட்டும், அடுத்த நிமிடம் எஞ்சின் சிக்கிக்கொள்ளும். சாலையில் ஓடும் காருக்கு 10 மி.மீ., மிஞ்சிப்போனால் 15 மி.மீ. அதற்கு மேல் இறக்கியே ஆக வேண்டும் என்கிறவர் சேம்பரை வெட்டிக் குட்டையாக்க வேண்டும், அல்லது ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் முறைக்குப் போக வேண்டும். பந்தயக் கார்களில் எஞ்சின் அவ்வளவு தாழ்வாக உட்காருவதற்குக் காரணம் மவுண்டிங் அல்ல. சேம்பரின் ஆழத்தையும் ஃபிளைவீலின் விட்டத்தையும் குறைத்த பிறகுதான் அங்கே எஞ்சின் இறங்குகிறது.

எஞ்சின் அறைக்குள் இன்னும் சில இடைவெளிகளைப் பார்க்க வேண்டும். சேம்பருக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில், சைலன்சர் பைப்புக்கும் ஸ்டீயரிங் ரேக்குக்கும் நடுவில், ஏசி கம்ப்ரசருக்கும் சேசிஸுக்கும் நடுவில், கிராங்க் புல்லிக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவில். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை இந்த இடங்களில் உருண்டையாக ஒட்டிவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நசுங்கிய மண்ணின் கனம்தான் மிச்சமுள்ள இடைவெளி. ரப்பர் மவுண்டிங்கோடு ஓட்டப்போகிறீர்கள் என்றால் இறக்கிய பிறகும் 20 மி.மீ. மிஞ்ச வேண்டும். ரப்பரைவிடக் கடினமான யூரித்தேன் மவுண்டிங் என்றால் 12 மி.மீ. போதும்.

ஆக்சில் கோணம்

நம் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. எஞ்சின் இறங்கினால் கியர் பாக்ஸும் கூடவே இறங்கும், அதிலிருந்து புறப்படும் ஆக்சிலின் உள்முனையும் இறங்கும். சக்கரத்தின் மையம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். குட்டை ஆக்சில் 38 செ.மீ. நீளம் என்றால், 15 மி.மீ. இறக்கம் அதன் கோணத்தை 2 டிகிரிக்குச் சற்று மேல் மாற்றிவிடும். நீள ஆக்சிலில் இது ஒரு டிகிரி சொச்சம்தான்.

ஸ்பிரிங் வெட்டியோ குட்டை ஸ்பிரிங் போட்டோ ஏற்கெனவே தாழ்த்திய கார் என்றால் கவனம். அங்கே பாடியோடு சேர்ந்து கியர் பாக்ஸ் முன்பே இறங்கியிருக்கிறது. எஞ்சினையும் இறக்கினால் கோணம் இன்னும் மோசமாகும். மிகவும் தாழ்த்திய முன்சக்கர இழுவைக் கார்களில் அனுபவமுள்ள பந்தயக் குழுக்கள் எஞ்சினைச் சற்று உயர்த்திக்கூட வைப்பதுண்டு, ஆக்சில் நேராக நிற்பதற்காக. கார் தரையில் நிற்கும் நிலையில் ஆக்சிலின் மேல் கோணமானியை வைத்துப் பாருங்கள். செல்போனில் உள்ள கோணமானியும் போதும். இறக்கிய பிறகு 6 டிகிரிக்கு மேல் வரும் என்று தெரிந்தால் நான் அந்த வேலையைத் தொடமாட்டேன். முடுக்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வரும். ஜாயிண்ட் சீக்கிரம் தேயும்.

காண்டெஸ்ஸா, அம்பாசிடர், பத்மினி போன்ற பின்சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. எஞ்சினை மட்டும் முன்னால் இறக்கி, கியர் பாக்ஸ் மவுண்டிங்கை அப்படியே விட்டால் முழு அமைப்பும் சாயும். கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டும், பின் ஆக்சிலுக்குள் போகும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வேறுபாடு ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். நடுவில் உள்ள புரொப்பெல்லர் ஷாஃப்ட் அவற்றோடு வெட்டும் கோணம் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. அதற்காகப் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. சிறிதளவு கோணம் இருந்தால்தான் கிராஸ் பேரிங்கின் ஊசிகள் உருண்டு, ஒரே இடத்தில் குழி விழாமல் இருக்கும். ஆகவே முன்னால் எத்தனை மி.மீ. இறக்குகிறீர்களோ அதற்கேற்பப் பின் மவுண்டிங்கையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். ரேடியேட்டர் ஃபேனும் எஞ்சினோடு இறங்கும் என்பதால், அதைச் சுற்றியுள்ள கூட்டில் இறக்கை உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

மவுண்டிங் வாங்குவதா, செய்வதா?

வெளிநாட்டில் சில ஹோண்டா, மாஸ்டா, பிஎம்டபிள்யூ கார்களுக்கு எஞ்சினை இறக்கும் மவுண்டிங் செட்டாகவே கிடைக்கும். நம்மிடம் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு அப்படி இல்லை. லேத் பட்டறையில் செய்துகொள்ள வேண்டியதுதான். நெய்வேலிப் பகுதியில் அதற்கு ஆள் தேடுவது கஷ்டமல்ல. அங்குள்ள நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் முடித்த ஃபிட்டர், டர்னர், வெல்டர் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்லாதீர்கள். ஒவ்வொரு துளையின் விட்டம், நடுவிலிருந்து நடுவுக்குள்ள தூரம், முகங்களின் உயரம் எல்லாம் எழுதிய வரைபடம் ஒன்றும், கெட்டி அட்டையில் வெட்டிய மாதிரி ஒன்றும் கொடுங்கள்.

‘வாஷர் போட்டு இறக்கிவிடலாம்’ என்பார்கள். பெரும்பாலான குறுக்கு எஞ்சின் கார்களில் சேசிஸ் சட்டத்தின் மேல் மவுண்டிங் உட்கார்ந்திருக்கும், அதன் தலையில் எஞ்சின் பிராக்கெட் உட்காரும். இங்கே வாஷர் போட்டால் எஞ்சின் ஏறும், இறங்காது. இறக்க வேண்டுமானால் மவுண்டிங்கில் உட்காரும் முகம் உயர்ந்திருக்கும்படி பிராக்கெட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். எஞ்சின் மவுண்டிங்கிலிருந்து கீழே தொங்கும் அமைப்பில் மட்டுமே இடைத்தகடு வேலை செய்யும். நீளவாட்டு எஞ்சினில், கிராஸ் மெம்பரின் மேல் நிற்கும் மவுண்டிங்கைக் குட்டையாக்கினாலே போதும்.

பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. இரும்புத் தகடு, மூலைகளில் முக்கோணத் தாங்கல். வெல்டிங் முடிந்து ஆறிய பிறகே துளைகளைக் கடைசி அளவுக்குப் போடச் சொல்லுங்கள், சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். வார்ப்பு அலுமினிய பிராக்கெட்டை வெட்டி ஒட்ட வேண்டாம். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட் கேட் கொக்கிக்குப் போதும், எஞ்சினுக்கு ஆகாது.

ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள். கம்பெனி ரப்பர் பொதுவாக 45 முதல் 60 வரை. சந்தையில் வரும் யூரித்தேன் 70இல் தொடங்கி 95 வரை போகும். சாலைக்கு 70, 75 போதும். அதிலேயே ஐடிலில் ஸ்டீயரிங்கும் டேஷ்போர்டும் நடுங்கும், ஏசி போட்டால் இன்னும் அதிகம். 95ஐப் போட்டுவிட்டு வீட்டாரை ஏற்றிப்போனால் அடுத்த முறை பஸ்ஸில் போகலாம் என்பார்கள். அலுமினியத்தால் ஆன கெட்டி மவுண்டிங் தடத்துக்கு மட்டும். மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஓடிய எல்.ஜி.பி. ஃபார்முலா 4 போன்ற ஒற்றை இருக்கைக் கார்களில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குழாய்ச் சட்டத்துக்குள் இருக்கும். அங்கே அதிர்வைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை.

எந்தக் கடினத்தை எடுத்தாலும் எல்லா மவுண்டிங்கும் ஒரே தரத்தில் இருக்கட்டும். ஒன்று கல்லாகவும் மற்றது பஞ்சாகவும் இருந்தால் சுமை முழுவதும் கல்லான பக்கம் போகும்; கியர் பாக்ஸ் காது உடைவது இப்படித்தான். இதற்கு ஒரே விலக்கு கீழே உள்ள டார்க் ராட். அதை மட்டும் யூரித்தேனாக மாற்றினாலே எஞ்சின் முன்பின் ஆடுவது பெருமளவு அடங்கும்.

வேலை

எஞ்சின் முழுக்க ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்கியோ அடியில் போகாதீர்கள். பாரம் தாங்காமல் ஹாலோ பிளாக் சொல்லாமல் நொறுங்கும். எஞ்சினின் எடையை மேலிருந்து தாங்குவதே நல்லது. கொக்கி மாட்டும் காதுகளில் சங்கிலி போட்டு செயின் பிளாக்கில் பிடியுங்கள். அது இல்லையென்றால் சேம்பருக்கு அடியில் அகலமான மரப்பலகை வைத்து, அதற்கடியில் ஜாக்கி. பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால் சேம்பர் குழிவிழும். உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாய் அடைபடும்.

கழற்றும் முன் எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி தட்டு போன்ற குறுக்கே நிற்பவற்றை எடுத்துவிடுங்கள். ஏசி குழாயைக் கழற்ற வேண்டாம். அது இறங்கும் அளவுக்கு நீளமில்லை என்றால், கேஸை மெஷினில் எடுக்கும் கடைக்கு முதலில் போய் வாருங்கள். கையால் திறந்தால் கேஸ் கண்ணிலும் தோலிலும் பீய்ச்சும்.

முதலில் கீழே உள்ள டார்க் ராட்டைக் கழற்றுங்கள். பிறகு கியர் பாக்ஸ் பக்கம், கடைசியாக டைமிங் பக்கம். ஒரே நேரத்தில் இரண்டு மவுண்டிங்கையும் கழற்றிவிடாதீர்கள். ஒரு பக்கம் கழற்றி, புதியதைப் போட்டு, போல்ட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு மறுபக்கம் போங்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காத அந்த நேரத்தில் எஞ்சின் சாய்ந்திருக்கும். போல்ட் நேராகப் போகாவிட்டால் சுத்தியால் அடிக்காமல் செயின் பிளாக்கை இரண்டு கண்ணி ஏற்றி இறக்கிப் பாருங்கள். மரையைக் கெடுத்தால் சேசிஸ் சட்டத்துக்குள் ஒட்டியிருக்கும் நட்டை மாற்றுவது பெரிய வேலை.

எல்லாம் கைத்திருகில் வந்த பிறகு செயினைத் தளர்த்துங்கள். எஞ்சின் தன் எடையில் தானே உட்காரட்டும். முன்பின் நாலைந்து முறை ஆட்டிவிட்டு, மேல் மவுண்டிங்குகளை டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்தான் முதன்மை. நீங்களே செய்த பிராக்கெட்டில் 8.8 தர போல்ட் என்றால் 10 மி.மீ.க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 75 முதல் 85 என்பது வழக்கம். டார்க் ராட்டைக் கடைசியில், எஞ்சின் இயல்பாக நிற்கும் நிலையிலேயே முறுக்குங்கள். முன்கூட்டியே முறுக்கினால் அதன் ரப்பர் எப்போதும் திருகிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும்.

இனி எஞ்சினோடு சேர்ந்து இறங்கிய உறவுகள். சைலன்சர் முன்பைப்பில் வளையும் பின்னல் குழாய் இல்லையென்றால், இறக்கம் முழுவதும் மேனிஃபோல்ட் ஸ்டட்டின் மேல் விழும். தொங்கு ரப்பர்களை மாற்றி பைப்பையும் இறக்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் மடிந்து நிற்கக் கூடாது. கியர் கேபிளோ ராடோ இழுபடுகிறதா என்று எல்லா கியரிலும், ரிவர்ஸிலும் போட்டுப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகினால் ஐடில் ஏறிக்கொள்ளும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் வயரை மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும். மெக்கானிக்குகள் அதிகம் மறப்பது இந்த வயரைத்தான். சப்ஃப்ரேமைக் கழற்றி மாட்டியிருந்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

சட்டம் ஒரு பார்வை

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ரப்பரை யூரித்தேனாக மாற்றுவது ஒரு விஷயம். கிராஸ் மெம்பரை வெட்டுவதும், வேறு எஞ்சினை ஏற்றுவதும் முற்றிலும் வேறு விஷயம். சேசிஸ் எண் பொறித்த இடத்தின் பக்கம் கிரைண்டரோ வெல்டிங்கோ போகவே கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துப் பணத்தை மறுப்பார்கள்.

ஓட்டிப் பார்க்க

ஸ்டார்ட் செய்து சூடாகட்டும். ஒருவர் பிரேக்கை முழுக்க மிதித்து, முதல் கியரில் கிளட்சைக் கடிக்கும் வரை விட்டுப் பிடிக்க, மற்றவர் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கட்டும். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்க வேண்டாம். ரிவர்ஸிலும் அதே சோதனை. பிறகு களிமண் உருண்டைகளைத் திரும்ப ஒட்டி, மெதுவாக ஒரு சுற்றுப் போய் வந்து பாருங்கள். நெய்வேலி டவுன்ஷிப்பின் அகலமான நேர்ச்சாலைகள் கையை அரிக்கும். அங்கே ஷிப்ட் விட்டு சைக்கிளில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேகம் பார்க்க வேண்டுமானால் தடத்தில் நடக்கும் டிராக் டே நிகழ்ச்சிக்குப் பணம் கட்டிப் போங்கள்.

முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் திரும்ப டார்க் ரெஞ்ச் வையுங்கள், 500 கி.மீ.யில் மறுபடியும். கோடு உடைந்து விலகியிருந்தால் அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதை முறுக்கி ஓட்டாமல் புது போல்ட் போடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் மவுண்டிங்கையும் சேம்பரின் அடிப்பாகத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். சர்வீஸ் பில்லில் அதற்கென்று ஒரு வரிகூட எழுதியிருக்காது.